நீல பம்ப் மட்டும் போதாது, கண்ணு

அன்புள்ள கண்ணு,

"மூச்சு இழுத்தால் நீல பம்ப் இருக்கு, அது போதும்மா" என்று உன் ஆஸ்துமாவுக்கு அந்த நீல இன்ஹேலரையே நம்பி நீ சொன்னதில் எனக்குச் சம்மதம் இல்லை. போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு விடியற்காலை வறட்டு இருமல், சிரித்தால் இருமல், படி ஏறினால் நெஞ்சில் இறுக்கம். இதற்கு இருமல் சிரப் எத்தனை பாட்டில் குடித்தாலும் கேட்காது. வீசிங் சத்தமே இல்லாமல் வெறும் இருமலாக வருகிற ஆஸ்துமாவும் உண்டு. நம் வீட்டுக்கு இது புதிதில்லை. உன் தாத்தா மார்கழி முழுக்கத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கியவர். மாத்திரையும் ஊசியும்தான் அவருக்குக் கிடைத்தது. உனக்கு அதைவிட நல்ல மருந்து இருந்தும் நீ இருமிக்கொண்டு கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நீல பம்ப்பில் இருப்பது சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகின தசையைத் தளர்த்தும். நாலைந்து மணி நேரம் நிம்மதி. உள்ளே இருக்கிற வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் பெரியவர்கள் நீல பம்ப்பை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்று ஜீனா என்கிற உலக ஆஸ்துமா அமைப்பு 2019-லேயே சொல்லிவிட்டது. புடெசொனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தொந்தரவு வரும்போது மட்டும் எடுக்கிற முறையும் இருக்கிறது. உனக்கு அது போதுமா, தினமும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேள்.

ஸ்டீராய்டு என்றதும் பயந்துவிடாதே. மாத்திரை மில்லிகிராம் கணக்கு, இது மைக்ரோகிராம் கணக்கு. நேராக நுரையீரலுக்கே போகிறது. "பழகிப்போயிடும்" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே.

போடுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நன்றாகக் குலுக்கு. மூச்சை முழுக்க வெளியே விடு. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்து. பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கு. வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். கருவிக்குள் கேப்ஸ்யூல் போட்டு இழுக்கிற பவுடர் வகை என்றால் நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டிலுமே அப்புறம் வாய் கொப்பளித்துத் துப்பிவிடு, இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும். நான் பல் தேய்ப்பதற்கு முன்னால் போட்டுக்கொள்கிறேன், மறப்பதே இல்லை. பம்ப் வகைக்கு ஸ்பேசர், அதாவது பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டுகிற குழாய், இருந்தால் இன்னும் நல்லது. உனக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

பெங்களூரில் காலி மனை எல்லாம் பார்த்தீனியம் செடி, பக்கத்தில் கட்டட வேலை வேறு. அதை உன்னால் மாற்ற முடியாது. படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை கொதி சூட்டில் துவை, கொசுவர்த்தியை விட்டுவிட்டு வலை கட்டு. உனக்கு ஒற்றைத் தலைவலி வருமே, அதற்கு யாராவது ப்ரோப்ரனலால் எழுதினால் ஆஸ்துமா இருப்பதை உடனே சொல். அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, பம்ப் அடித்தும் தணியாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. பக்கத்து அறைப் பெண்ணை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போ.

இந்தச் சனிக்கிழமை நெஞ்சு டாக்டரைப் பார். ஸ்பைரோமெட்ரி என்கிற, ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனையை எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காமல் எடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா