'வெறும் அணுக்கள்' என்று நீ சொன்னது பற்றி

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியம்மா வீட்டுக் கதை நீ அறிந்ததே, அதில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. நீ பேசி ஏழு வாரங்கள் ஆகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உனக்கு வேலை இருக்கும். அங்கே இப்போது பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது என்பதும், இருட்டிய பிறகு யாரோடும் பேசத் தோன்றாது என்பதும் எனக்குத் தெரியும். இரவில் சாப்பிட்டுவிட்டுப் படு.

கடைசியாகப் பேசியபோது, புது வேலை எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு, "எதுவானால் என்னப்பா, எல்லாம் வெறும் அணுக்கள்தானே" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அப்பா அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்புக்கு முப்பத்தோரு ஆண்டுகள் அணுவைப் பற்றிப் பாடம் நடத்திய என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. 'அணுக்கள்' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. 'வெறும்' என்ற சொல்லை நீ எங்கே கற்றாய் என்று தெரிந்துகொள்ளத்தான், நீ வாங்கிக்கொடுத்த டேப்லட்டை வைத்துக்கொண்டு இந்த ஏழு வாரமும் அந்தப் பழைய கிரேக்கர்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பாடப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு வரிதான் உண்டு. நானும் சாக்பீஸை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை மீண்டும் ஒடித்து, விரலில் பிடிக்க முடியாத அளவுக்கு வந்ததும், "இதற்கு மேல் பிளக்க முடியாத துகள் என்று டெமாக்ரிட்டஸ் சொன்னார்" என்று முடித்துவிட்டு டால்டனுக்குத் தாவிவிடுவேன். அந்த மனிதர் திரேஸ் கடற்கரையில் இருந்த அப்டேரா என்ற ஊரில் கி.மு. 460ஐ ஒட்டிப் பிறந்தவர், அவருக்கு முன்பே லூசிப்பஸ் இந்தக் கொள்கைக்கு அடிபோட்டார், டெமாக்ரிட்டஸ் எழுதியதாகப் பழைய பட்டியல் ஒன்று அறுபதுக்கும் மேற்பட்ட நூல்களைச் சொல்கிறது, அவற்றில் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை என்பதெல்லாம் வேலையில் இருந்தவரை எனக்கே தெரியாது. பாரசீக நாட்டின் அரசாட்சி கிடைப்பதைவிட ஒரே ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் கண்டுபிடிப்பதையே விரும்புவேன் என்று அவர் சொன்னாராம். அதைப் படித்தபோது நீ மிக்ஸியைப் பிரித்துப்போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அன்று திட்டினேன், ஆனால் மறுநாள் ஆசிரியர் அறையில் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

பிற்காலத்தவர் அவரைச் சிரிக்கும் ஞானி என்றே அழைத்தார்கள். உன் சிரிப்பு அந்த வகையைச் சேர்ந்ததாக எனக்குப் படவில்லை.

நீ சொன்ன வாக்கியத்தை அவர் ஏறக்குறைய அப்படியே சொல்லியிருக்கிறார். இனிப்பு என்பதும் கசப்பு என்பதும் சூடும் குளிரும் நிறமும் வழக்கத்தால் வந்தவை, உண்மையில் இருப்பவை அணுக்களும் வெற்றிடமும்தான் என்பது அவர் கூற்று. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள், நீயும் நிறுத்திவிட்டாய். ஆனால் மருத்துவர் கேலன் அதன் தொடர்ச்சியையும் காப்பாற்றி வைத்திருக்கிறார். அதில் டெமாக்ரிட்டஸ் புலன்களையே பேசவிட்டு, அறிவைப் பார்த்து இப்படிக் கேட்க வைக்கிறார்: "பாவப்பட்ட மனமே, எங்களிடம் சான்று வாங்கிக்கொண்டு எங்களையே வீழ்த்தப் பார்க்கிறாயா? நாங்கள் விழுந்தால் நீயும் விழுவாய்." நாக்கு இனிப்பை உணராவிட்டால் அணுவைப் பற்றி யோசிக்க அறிவுக்கு ஏது கைப்பொருள்? இனிப்பு எதனால் ஆனது என்று சொல்லிவிட்டால் இனிப்பு இல்லாமல் போய்விடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதை நீ ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும், வெறும் வயிற்றோடு படிக்காதே.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டேன் என்று எண்ணாதே. பிள்ளை வளர்ப்பது வழுக்கலான காரியம், நன்றாக அமைந்தாலும் அதில் கவலையும் போராட்டமும்தான் நிறைந்திருக்கும், அமையாவிட்டால் அதற்கு ஈடான துயரமே கிடையாது, ஆகவே பெறாமல் இருப்பதே நல்லது, தேவைப்பட்டால் நண்பர்களுடைய பிள்ளைகளில் மனத்துக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்து எடுத்து வளர்க்கலாம் என்று அந்த மனிதர் எழுதி வைத்திருக்கிறார். முதல் பாதி சரி. தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் நான் கேட்டவுடன் பதில் சொல்லும் பிள்ளையாகப் பார்த்து எடுத்திருப்பேன், அப்போது இந்தக் கடிதத்துக்குத் தேவையே இருந்திருக்காது. மகிழ்ச்சியாக இருக்க விரும்புகிறவன் பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, தன் சக்திக்கு மேற்பட்டதைத் தொடக் கூடாது, பிறர் வியந்து பார்க்கும் மனிதர்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்றும் அவர் சொல்கிறார். பகலில் ஓர் அலுவலகம், இரவில் இன்னொருவருக்காக வேலை என்று நீ இருப்பதை அவர் பார்த்தது போல இருக்கிறது. ஒப்பிடும் பழக்கத்தைப் பெரியம்மா மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி உனக்கு ஊட்டியவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும், அதை நீ நினைவூட்ட வேண்டியதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றை. வெற்றிடத்தைப் பற்றி.

இல்லாதது இல்லை, எனவே வெற்றிடம் என்று ஒன்று இருக்க முடியாது, வெற்றிடம் இல்லாவிட்டால் எதுவும் இடம்பெயர வழியில்லை, ஆகையால் நாம் காணும் அசைவெல்லாம் மாயத்தோற்றம் என்ற வாதத்தை பார்மெனிடிஸ் என்ற கிரேக்கத் தத்துவ ஞானியும் அவர் வழிவந்தவர்களும் கட்டி எழுப்பியிருந்தார்கள். அதை மறுப்பது எளிதாக இருக்கவில்லை. அணுக் கொள்கையர் அந்த வாதத்தில் பாதியை ஒப்புக்கொண்டு, வெற்றிடம் இல்லாமல் அசைவு இல்லை என்பது சரி, அசைவு கண்முன் இருக்கிறது, எனவே 'இல்லாதது' என்று நீங்கள் சொல்லும் வெற்றிடமும் 'இருப்பது' போலவே இருக்கிறது என்று துணிந்து சொன்னார்கள். 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் தலையை வெட்டி, மிச்சத்தை 'ஏதோ ஒன்று' என்ற பொருளில் டெமாக்ரிட்டஸ் பயன்படுத்தினாராம். நம் 'ஒன்றுமில்லை' என்பதிலும் 'ஒன்று' ஒளிந்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

குமரா, இந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்டிருக்கிறாய். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில், ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி கடைசி பெஞ்சில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அன்று, அணுக்களுக்கு இடையே வெற்றிடம் இருக்கிறது என்று நான் சொன்னதும் நீ எழுந்து, "ஒன்றுமே இல்லாதது எப்படி டீச்சர் இருக்க முடியும்?" என்று கேட்டாய். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. நான் உன்னை அதிகப்பிரசங்கி என்று சொல்லி வராந்தாவில் நிற்க வைத்தேன். வகுப்பு முடியும்வரை நீ தூணைப் பார்த்தபடி நின்றாய். சொந்த மகனுக்குச் சலுகை காட்டுவதாகப் பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தேன் என்று அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன், இருபது ஆண்டுகளாக எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்று அதிகாரியின் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு என் வகுப்பில் நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்பது குறைந்துவிட்டது. பேசாமல் இருப்பதை உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேனோ என்று இந்த ஏழு வாரத்தில் பல இரவுகள் எண்ணிப் பார்த்தேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்: மிகச் சரியான கேள்வி, எனக்குத் தெரியாது, நாம் இருவரும் தேடிப் பார்ப்போம்.

கி.மு. 341இல் பிறந்த எபிகூரஸ் இந்த அணுக்களை வாங்கிக்கொண்டு போய் மருந்தாக்கினார். மனிதத் துன்பம் எதையும் ஆற்றாத தத்துவப் பேச்சு வெறும் பேச்சு என்று சொன்னவர் அவர். (இங்கே 'வெறும்' பொருத்தமாக வந்திருக்கிறது, பார்.) ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி, பெண்களும் அடிமைகளும் உட்பட எல்லோரோடும் அங்கே பேசி வாழ்ந்தார். ரொட்டியும் தண்ணீரும் அவருக்குப் போதும், விருந்தாக்கிக்கொள்ள ஆசை வந்தால் ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு எழுதினார். என்ன உண்கிறோம் என்று பார்ப்பதற்கு முன் யாரோடு உண்கிறோம் என்று பார்க்க வேண்டும், துணையின்றி உண்பது சிங்கமும் ஓநாயும் வாழும் வாழ்க்கை என்று அவர் சொன்னதை ரோமானியத் தத்துவ ஞானி செனிகா எடுத்துக் காட்டுகிறார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அந்தப் பையனோடு வாரத்தில் இரண்டு நாளாவது சேர்ந்து சாப்பிடு. நீ அனுப்பிய படத்தில் சட்டையின் கழுத்து தளர்ந்து கிடந்தது.

மரணம் நமக்கு ஒன்றுமில்லை என்று எபிகூரஸ் ஒரு கடிதத்தில் சொன்ன வரி எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வரியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் சாகப்போகும் இந்த வாழ்வே இனிமையாகிவிடும் என்பதற்காகத்தான் அதைச் சொன்னார். பிறக்காமல் இருப்பதே நல்லது என்று பேசித் திரிகிறவர்களை அதே கடிதத்தில் அவர் கடிந்துகொள்கிறார். அந்தப் பகுதியை நான் இங்கே எடுத்து எழுதப் போவதில்லை. நீயே படித்துக்கொள், பகலில் படி.

ஊழைப் பற்றியும் ஒரு சொல். நம் மணிமேகலையில் ஆசீவகம் என்ற பழைய சமயத்தைச் சேர்ந்தவர் அணுக்களைப் பற்றிப் பேசும்போது ஊழையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். டெமாக்ரிட்டஸும் எல்லாம் கட்டாயத்தால் நடக்கிறது என்ற பக்கம்தான். எபிகூரஸ் மட்டும், அந்த விதிக்கு அடிமையாவதைவிடக் கடவுள் கதைகளை நம்புவதே மேல், அங்கே கெஞ்சிக் கேட்பதற்காவது இடம் இருக்கிறது என்றார். நான் செவ்வாய்க்கிழமை தோறும் கோயிலுக்குப் போவதை இனி நீ கிண்டல் செய்ய முடியாது. அணுக்கள் நேர்க்கோட்டில் விழும்போது எங்கோ எப்போதோ மிகச் சிறிதளவு விலகுகின்றன, அந்த விலகல் இல்லாவிட்டால் அவை ஒன்றோடொன்று மோதி எதுவும் உருவாகியிருக்காது என்று அவர் வழிவந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் விளக்குகிறார். இதைக் குவாண்டம் இயற்பியலோடு முடிச்சுப் போட்டுச் சிலர் எழுதுகிறார்கள், அது எனக்கு இழுத்துக் கட்டியதாகவே தோன்றுகிறது.

இருண்ட அறைக்குள் விழும் வெயில் கோட்டில் தூசி அலைவதைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் ஓயாத அசைவுக்கு அதுவே அடையாளம் என்று சொன்னவரும் அவர்தான். தூசியை அலைக்கழிப்பது பெரும்பாலும் காற்றோட்டம் என்று நான் திருத்தத்தான் வேண்டும். ஆயினும் 1827இல் பிரவுன் நுண்ணோக்கியில் கண்ட துகள்களின் துள்ளலை 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கி, பெரின் சோதனையால் உறுதிப்படுத்தியபோது, அணுவை நம்பாதவர்களும் நம்பும்படி ஆனது அதே வகைச் சான்றால்தான். விரலில் கிடந்தபடியே மோதிரம் உள்பக்கம் தேய்வதையும் லுக்ரீஷியஸ் சொல்கிறார். பாட்டியின் மோதிரம் இப்போது என்னிடம் இருக்கிறது, உள்பக்கம் தடவிப் பார்த்தேன்.

அவருடைய இரண்டாம் புத்தகத்தில் ஒரு பசு வருகிறது. பலிபீடத்தில் கன்றை இழந்த தாய், குளம்படிகளைத் தேடிக் காடெங்கும் அலைகிறது. பச்சைப் புல்லும் ஆறும் அதற்கு ஆறுதல் தரவில்லை. மற்றக் கன்றுகளைப் பார்த்தும் அதன் மனம் திரும்பவில்லை. அணுக்களின் வடிவங்கள் பலவகை, ஆகவே ஓர் உயிர் இன்னொன்றைப் போல இருப்பதில்லை என்பதை நிறுவ அவர் எடுத்த உதாரணம் இது. 'வெறும் அணுக்கள்' என்பதற்கு இதைவிடப் பெரிய மறுப்பை நான் எங்கும் படிக்கவில்லை. செவலைக்கு வைக்கோல் கன்று கட்டியதற்காக அப்பாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் நீ. உனக்கு நான் விளக்க வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். இன்றைய துருக்கியின் தென்மேற்கில் ஒய்னோவாண்டா என்ற ஊரில் டயோஜெனிஸ் என்பவர், முதுமையில், எபிகூரஸின் போதனைகளை வழிப்போக்கர் படிக்கட்டும் என்று பெரிய கற்சுவர் ஒன்றில் செதுக்கி வைத்தார். 1884இல் அதன் துண்டுகள் வெளிப்பட்டன. அதில் ஒரு மகன் தாய்க்கு எழுதிய கடிதம் இருக்கிறது, அது இளம் எபிகூரஸ் எழுதியது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். தொலைவில் இருக்கும் மகனைப் பற்றித் தாய் கெட்ட கனவுகள் கண்டு அஞ்சியிருக்கிறாள். கனவில் வரும் உருவங்களைக் கண்டு கலங்காதே அம்மா, நான் நாளுக்கு நாள் நல்லதை நோக்கித்தான் போகிறேன் என்று அவன் எழுதுகிறான். எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்காதே, எனக்கு நிறைய வேண்டும் என்பதற்காக நீ குறைத்துக்கொள்வதை நான் விரும்பவில்லை என்றும் எழுதுகிறான்.

நான் கண்ட கனவை உன்னிடம் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, அப்பா தேடி வாங்கிய கம்பளிக் காலுறை மூன்று ஜோடி வருகின்றன. பொடிக்கு நல்லெண்ணெய் அங்கேயே கிடைக்கும் என்று நீ சொன்னதால் வைக்கவில்லை. இதெல்லாம் எதற்கு, இனிமேல் அனுப்பாதே அம்மா என்று எழுது. அந்த ஒரு வரி போதும்.

அன்புடன்,
அம்மா