மாறாத மரபு மதுரையில் எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், நவீன உலகம் நம் ஆன்மிகத்தை விழுங்கிவிட்டது என்கிற ரீதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரெனே கெனான் என்ற பிரெஞ்சுக்காரரை வைத்து எழுதியிருந்தார்கள். நவீன உலகம் நெருக்கடியில் சிக்கிவிட்டது, இது கலியுகத்தின் கடைசிக் கட்டம் என்று 1927-லேயே புத்தகம் போட்டவர், 1930-ல் கெய்ரோவுக்குப் போய் முஸ்லிமாக வாழ்ந்து 1951-ல் அங்கேயே இறந்துபோனவர். எல்லாவற்றையும் எண்ணிக்கையால் அளக்கிற காலம் இது, தரம் பார்க்கவே மறந்துபோகும் என்று அவர் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில் காட்டும்போது 'இத்தனை லட்சம் பேர்' என்பதைத் தாண்டி எத்தனை வார்த்தை பேசுகிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

சரி, ஆனால் மரபு என்பது மேலே இருந்து வந்தது, மாறாதது, மனிதன் கைவைக்கவே கூடாது என்று கட்டுரை போகிறதே, அதை மதுரைக்காரர்கள் படிக்கிற பேப்பரில் எப்படி எழுத மனசு வந்தது? மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்துகொண்டிருந்தது, அழகர் தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார், இரண்டையும் சித்திரையில் மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். தேர் இழுக்க ஆள் கிடைக்கவில்லை, அறுப்பு முடிந்தால்தான் ஜனம் வரும், சைவமும் வைணவமும் ஒன்றாக நிற்கட்டும் என்று நினைத்தார் என ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். காரணம் எதுவோ, சாமி திருவிழாவின் மாதத்தையே மாற்றினார்கள், உலகம் அழிந்துவிடவில்லை.

அதே நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் யாளித் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் போட்டு வெகுகாலம் தைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சித்திரை நெருங்கினால் அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்குச் சல்லடம் என்கிற அரைக்கால் உடை, உருமால் என்கிற தலைத்துணி, தண்ணீர் பீய்ச்சும் ஆட்டுத்தோல் பை எல்லாம் அங்கேதான். வெல்வெட் துணி, மில் நூல், பளபளவென்று ஜிகினா, மிதித்து ஓட்டும் மெஷின். தைப்பவர்களில் தலைமுறையாக அதையே செய்துவரும் முஸ்லிம்களும் உண்டு. அழகரும் வண்டியூர்ப் பக்கம், அவருடைய முஸ்லிம் காதலி என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியார் கதையோடுதான் போய் வருகிறார். இதில் மரபு எது, நவீனம் எது என்று கட்டுரையாளர் வந்து பிரித்துக் காட்டட்டும்.

இன்னொன்று. கெனானைப் போல மரபே பெரிது என்று பேசிய கூட்டத்தில் நம்ம ஆள் ஒருவரும் இருக்கிறார், அவர் பெயர் கட்டுரையில் ஓர் இடத்திலும் இல்லை. ஆனந்த குமாரசாமி, 1877-ல் கொழும்பில் பிறந்தவர், அப்பா இலங்கைத் தமிழர், அம்மா ஆங்கிலேயர். மண்ணியல் படித்துவிட்டு சிங்களக் கைவினைஞர்களிடம் போய் நின்றவர், 1917-லிருந்து பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தார். கலைஞன் என்று தனியாக ஓர் இனம் கிடையாது, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற எவனும் கலைஞனே என்பது அவர் கட்சி. புதுமண்டபத்துத் தையல்காரரை அவருக்குப் பிடித்திருக்கும். ஆனால் சாதி விஷயத்தில் அவரும் கெனானும் ஒரே பக்கம்தான், மனிதனின் இயல்புக்கு ஏற்ற ஏற்பாடு என்று நியாயம் சொன்னார்கள். (அதே கூட்டத்தில் இத்தாலியில் எவோலா என்று ஒருவர், அவர் பாசிசத்தோடேயே போய் ஒட்டிக்கொண்டார். அதையும் கட்டுரை தொடவில்லை.)

ரமணரை வைத்து முடித்திருந்தீர்கள். 1896-ல் மீனாட்சி கோயில் பக்கத்து வீட்டு மாடியில் தான் செத்துப்போவதாக உணர்ந்த அந்த மரண அனுபவம் வந்தபோது அந்தப் பையன் படித்துக்கொண்டிருந்தது அமெரிக்கன் மிஷன் பள்ளியில். அருணாசலம் என்கிற திருவண்ணாமலைக்குப் போக அட்லஸில் திண்டிவனம் எங்கே என்று பார்த்து, அண்ணன் தன் காலேஜுக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். அருணாசலத்துக்குப் போக ரயிலும் அட்லஸும் குறுக்கே நிற்கவில்லையே.

தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனபோது, மரபு கெட்டுவிட்டது என்று சொல்லி அர்ச்சகர்களான பட்டர்கள் சிலர் வெளியேறி வேறு இடத்தில் தனியாகப் பூசை நடத்தினார்கள். அன்றைக்குக் கட்டுரையாளர் எந்த வாசலில் நின்றிருப்பார் என்பதை அடுத்த வாரம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செல்லூர் வாசகர் ஒருவர்,
மதுரை.