சாலை மறியலுக்குத் தடையாணை வழங்கும் நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதிபதிகளுக்கு, வணக்கம்.

மறியலில் மாட்டிக்கொண்டவர்களின் பாடு எனக்குத் தெரியும். ஒருமுறை இரண்டு மணி நேரம் நகராத பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். புட்டியில் பால் தீர்ந்துபோய், விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் மறியல்காரர்களிடம் சண்டை போடலாமா என்றுகூட அன்று தோன்றியது. ஆகவே, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சாலையை மறிக்கலாம் என்று வாதாட நான் வரவில்லை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத மறியலை எந்தக் கோரிக்கையாலும் நியாயப்படுத்த முடியாது.

என் கவலையெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போடும் அந்தத் தடையாணைத் தாளைப் பற்றித்தான்.

இங்கிலாந்தில் வந்த தடையாணைகளைப் பாருங்கள். மனுதாரர், நெடுஞ்சாலைகளை நிர்வகிக்கும் அரசு நிறுவனம். எதிர்மனுதாரர் இடத்தில் 'பெயர் தெரியாத நபர்கள்'. மீறினால் சிறை, அபராதம், சொத்து முடக்கம் என்ற எச்சரிக்கையும் உண்டு. பெயர் தெரியாதவர் நீதிமன்றத்துக்கு வந்து எப்படித் தன் பக்கத்தைச் சொல்வார்? நாளைதான் போராட முடிவெடுக்கப்போகும் ஒருவரை இன்றைக்கே கட்டிப்போடும் ஆணை அது.

2021 செப்டம்பரில், வீடுகளின் சூடு வெளியேறாதபடி வெப்பக் காப்பு வேண்டும் என்று கேட்டு 'இன்சுலேட் பிரிட்டன்' அமைப்பினர் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சில நாட்களில் தடையாணை வந்தது. அடுத்தடுத்து வந்த ஆணைகள் 4,300 மைல் நீளச் சாலைகள்வரை நீண்டன. நவம்பரில் ஒன்பது பேருக்கு மூன்று முதல் ஆறு மாதம்வரை சிறை. தடையாணை இருப்பது தெரிந்தே மீறினார்கள், சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாலையை மறிக்கும் குற்றத்துக்கு அங்கே நெடுஞ்சாலைச் சட்டத்தில் அப்போது இருந்த தண்டனை 1,000 பவுண்டுவரை அபராதம் மட்டுமே. தடையாணையை மீறினாலோ நீதிமன்ற அவமதிப்பு. இரண்டு ஆண்டுவரை சிறை, அதுவும் ஜூரி எனும் குடிமக்கள் குழு விசாரிக்காமலே. நாடாளுமன்றம் விதிக்காத தண்டனைக்கு உங்கள் பேனா பாதை போட்டுக் கொடுக்கிறது.

அந்த வழக்கிலேயே, பெயர் தெரியாதவர்களோடு 133 பேரின் பெயர்களும் இருந்தன. ஆணையை மீறியதாகத் தீர்மானிக்கப்பட்டவர்கள் 24 பேர். மற்ற 109 பேர்மீது அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று 2022-இல் உயர் நீதிமன்ற நீதிபதி இறுதித் தடையாணை தர மறுத்தார். இடைக்காலத் தடையோடு நிறுத்திக்கொண்டார். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அவர்களையும் இறுதி ஆணைக்குள் கொண்டுவந்தது. முதல் நீதிபதி செய்ததுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று தனித்தனியாகப் பார்ப்பதுதானே நீதிமன்றத்தின் வேலை?

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1998 ஜூனில் ஆஸ்திரியாவின் பிரென்னர் நெடுஞ்சாலையை, லாரிகளின் புகையை எதிர்த்து ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு ஏறக்குறைய 30 மணி நேரம் மறித்தது. இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் நடுவே முக்கியமான வழி அது. அமைப்பினர் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே அதிகாரிகளிடம் தகவல் கொடுத்துவிட்டார்கள். ஓட்டுநர்களுக்கும் மாற்று வழிகள் முன்கூட்டியே சொல்லப்பட்டன. அரசு தடைபோடவில்லை. லாரிகள் நின்றுபோன ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. தடை செய்யாததில் தவறில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லி ஷாஹீன் பாக்கில் சாலையில் அமர்ந்து போராடியவர்கள் குறித்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் போராட்டக்காரர்களிடம் பேச வழக்கறிஞர்களைத் தூதாக அனுப்பியது. பேச்சில் தீர்வு பிறக்கவில்லை. ஆனாலும் முதலில் ஆள் அனுப்பிக் கேட்டார்களே, அதை நான் மதிக்கிறேன். அக்டோபரில் வந்த தீர்ப்பு, பொதுச் சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமிக்கக் கூடாது என்றது. அதில் எனக்குச் சண்டையில்லை. எதிர்ப்பு ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே நடக்க வேண்டும் என்றதுதான் உறுத்துகிறது. யார் கண்ணிலும் படாத ஒரு மூலையை ஒதுக்கிவிட்டால் போதும், போராட்டம் தானாக அடங்கிவிடும்.

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு அவசரத் தடை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சில நாட்களுக்குள் மறுபக்கத்தையும் அழைத்துக் கேளுங்கள். எந்தச் சாலை, எந்தச் சந்திப்பு, எந்தத் தேதிவரை என்று ஆணையிலேயே எழுதுங்கள். யாருக்கு எதிரான ஆணையோ அவர்கள் வந்து மாற்றக் கேட்கும் வழியையும் அதே தாளில் போடுங்கள். இதில் பாதியைப் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே 2023 நவம்பரில் சொல்லிவிட்டது: பெயர் தெரியாதவர்களுக்கு எதிரான ஆணைக்கு அழுத்தமான தேவை இருக்க வேண்டும்; புதுப்பிக்கக் கேட்காவிட்டால் ஓராண்டில் அது முடிய வேண்டும்.

அப்புறம், மனுதாரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கோரிக்கையோடு வந்தவர்களிடம் இதுவரை ஒருமுறையாவது உட்கார்ந்து பேசினீர்களா?" பதிலை ஆணையில் பதிவு செய்யுங்கள்.

நம்பிக்கையுடன்,
உங்கள் ஆணைகளைப் படிக்கும் ஒரு குடிமகன்