எஸ்பின் அடைவுக்கு எப்போது விடைகொடுப்பீர்கள்? டெபியன் மேம்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெபியன் மேம்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள ஒரே ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். /இடிசி/புரொஃபைல் கோப்பில் சாதாரணப் பயனருக்கு 'பாத்' அமைக்கும் வரி அது. கட்டளையை அடித்ததும், அதை வாங்கி இயக்கும் ஷெல் எந்தெந்த அடைவுக்குள் தேட வேண்டும் என்று சொல்வது. அதில் /யூஎஸ்ஆர்/பின் உண்டு, /பின் உண்டு, /யூஎஸ்ஆர்/கேம்ஸ்கூட உண்டு. கணினி நிர்வாகத்துக்கான நிரல்கள் இருக்கும் எஸ்பின் மட்டும் இல்லை. விளையாட வருகிறவருக்குக் கதவு திறந்திருக்கிறது, வட்டைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலைத் தேடி வருகிறவருக்குப் பூட்டியிருக்கிறது.

இதனால் வரும் வினை உங்களுக்குத் தெரியாததல்ல. டெபியன் 10இல், வேறு பயனராக மாற உதவும் 'எஸ்யூ' கட்டளைக்கான நிரலே மாறியது. வெறும் எஸ்யூ அடித்து, எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனர் ஆனால், பழைய பயனரின் பாத்தே கூடவே வரும். புதியவர் ஒருவர் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்து ரூட் ஆகி, பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையை அடிக்கிறார். அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறது முனையம். நிரல் வட்டில் இருக்கிறது, இயக்க உரிமையும் இருக்கிறது. எஸ்யூவுக்குப் பின்னால் ஒரு சிறுகோடு விட்டுப்போனதுதான் குற்றம். வெளியீட்டுக் குறிப்பில் எழுதினீர்கள், மறுக்கவில்லை. அதை முழுக்கப் படித்துவிட்டா நிறுவுகிறார்கள்?

பாதுகாப்புக்காகத்தான் எஸ்பின் தனியே இருக்கிறது என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். ஆனால் அங்கிருக்கும் நிரல்களை யாரும் முழுப் பாதையைக் கொடுத்து இயக்கலாம். வட்டைத் தொட அனுமதி உண்டா என்று பார்ப்பது இயங்குதளத்தின் கருவான கெர்னல், அடைவின் பெயர் அல்ல. சொந்த வீட்டு அடைவில் வட்டுபோல நடத்தப்படும் ஒரு வெற்றுப் பிம்பக் கோப்பை வைத்து அதற்குள் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை அமைப்பதற்கு ரூட் தேவையே இல்லை. அதை அமைக்கும் எம்கேஎஃப்எஸ் நிரலும் எஸ்பின்னில்தான் ஒளிந்திருக்கிறது.

மரபு என்று சொல்வதும் எடுபடாது. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் மவுண்ட், இனிட் ஆகிய நிர்வாக நிரல்கள் /இடிசி அடைவில் இருந்தன. எஸ்பின் பிறகு வந்த ஏற்பாடு. யூஎஸ்ஆர் அடைவுக்குள் நிரல்கள் போனதே, பிடிபி-11 கணினியின் முதல் வட்டு நிரம்பி, பயனர் கோப்புகள் இருந்த அடுத்த வட்டில் மிச்சத்தை ஏற்றியதால்தான் என்று சொல்வார்கள். ஏதோ ஒரு நாள் இடம் போதாமல் செய்த காரியம் அரை நூற்றாண்டுக்கு ஆசாரமாகிவிட்டது.

மற்றவர்கள் இதைக் கடந்துவிட்டார்கள். ஆர்ச் லினக்ஸ் 2013இலேயே எல்லா நிரலையும் /யூஎஸ்ஆர்/பின்னில் சேர்த்தது. ஃபெடோரா 42 பதிப்பில், 2025இல், எஸ்பின், /யூஎஸ்ஆர்/பின்னைச் சுட்டும் வெறும் சிம்லிங்க் ஆனது. பழைய பாதையை எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் அந்தச் சிம்லிங்க் வழியாகவே ஓடுகின்றன.

உங்கள் தயக்கம் புரியாமலில்லை. /பின்னை /யூஎஸ்ஆர்/பின்னோடு இணைக்க நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா? தொழில்நுட்பக் குழுவின் தீர்ப்பு 2021இல் வந்தது, டெபியன் 12இல்தான் இணைப்பு கட்டாயமானது. இரண்டு பாதையும் ஒரே கோப்புதான் என்பது நிரல் பொதிகளை நிறுவும் டிபிகேஜிக்குத் தெரியாது. ஒரு கோப்பு பாதையும் மாறி, பொதியும் மாறினால், புதியதையே பழையது என்று நினைத்து அழித்துவிடும் ஆபத்து இருந்தது. சூடு கண்ட பூனையை மறுபடி அடுப்பங்கரைக்குக் கூப்பிடுகிறேன் என்று தெரிகிறது. பின்னிலும் எஸ்பின்னிலும் ஒரே பெயரில் கோப்பு வைத்திருக்கும் பொதிகளை முதலில் சரிசெய்தாக வேண்டும் என்பதும் தெரிகிறது.

அதனால் இணைப்பை நிதானமாகவே செய்யுங்கள். ஆனால் பாத் வரியை அடுத்த பதிப்பிலேயே மாற்றலாமே? உங்களிடமிருந்து கிளைத்த உபுண்டு சாதாரணப் பயனருக்கும் எஸ்பின்னைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே வானம் இடிந்து விழவில்லை. நீங்கள் மாற்றினால், டெபியனை அடித்தளமாகக் கொண்ட நம் நாட்டின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் போன்றவைக்கும் அது போய்ச்சேர வழியுண்டு.

/யூஎஸ்ஆர்/கேம்ஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்புடன்,
முனையத்தில் முழுப் பாதை அடித்துச் சலித்த ஒரு பயனர்