தமிழில் ஒரு லாக் புத்தகம்: மதுரைக் கல்லூரிகளின் கணினி மாணவர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். கடைசி வருடத்தில் எல்லோரும் ப்ராஜெக்ட் செய்கிறீர்கள். நூலகத்துக்கு ஒரு மென்பொருள், வருகைப் பதிவுக்கு ஓர் ஆப் என்று போகும். அடுத்த ஆண்டு வருகிறவர்களும் அதையேதான் செய்வார்கள். இந்த ஆண்டு உங்களில் நாலு பேராவது வேறொன்றைக் கையில் எடுக்கவேண்டும் என்று கேட்கிறேன். உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களும், தொலைதூர நிலையங்களைச் சிற்றலை வானொலியில் கேட்பவர்களும் பயன்படுத்த, தமிழில் ஒரு லாக் மென்பொருள், அதாவது பேசியதையும் கேட்டதையும் குறித்துவைக்கும் பதிவேடு, வேண்டும்.

பள்ளிக்கூட நாளிலிருந்து சிற்றலை கேட்கிறேன். பிறகு தேர்வெழுதி அமெச்சூர் (ஹாம்) உரிமமும் வாங்கினேன். கேட்ட நிலையங்களையும் பேசிய ஆட்களையும் எழுதிவைத்த 41 நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. உரிமம் வைத்திருப்பவர் லாக் எழுதியாகவேண்டும் என்று 1978-ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகளே சொல்கின்றன. சிற்றலை கேட்பவருக்கு அப்படி எந்த விதியும் இல்லை. ஆனாலும் எழுதுவார். எந்த அலைவரிசை, எத்தனை மணி, என்ன நிகழ்ச்சி, எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதிப் போட்டால்தானே, கேட்டதை உறுதிசெய்து வண்ண அட்டை வரும்?

செல்லூரில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் தினமும் கேட்டு எழுதியவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் தவறிய பிறகு வீட்டை மாற்றும்போது நோட்டுகள் அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. வீட்டார் மேல் தப்பில்லை. எண்களும் சுருக்கெழுத்துமாக இருந்ததை என்னவென்று அவர்கள் நினைப்பார்கள்? சேதி தெரிந்து நான் கடைக்குப் போனபோது லாரி ஏற்றியாயிற்று. எந்த வருடம் எந்த நிலையம் மதுரையில் எப்படிக் கேட்டது என்பதற்கு இருந்த சாட்சி அதோடு போனது. பிபிசி தமிழோசை 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை சிற்றலையில் ஒலித்தது. அந்தக் கடைசி இரவின் பதிவு என் நோட்டில் இருக்கிறது. அவர் அன்று என்ன எழுதினார் என்று இனிப் பார்க்க முடியாது.

'ஏற்கெனவே மென்பொருள் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. விண்டோஸுக்கு லாக்4ஓஎம், போட்டிகளுக்கு என்1எம்எம் லாகர் பிளஸ், லினக்ஸுக்கு சிக்யூஆர்லாக். எல்லாமே இலவசம், நல்ல உழைப்பு. மூன்றையும் நான் ஓட்டியிருக்கிறேன். அவை இரண்டு பேர் பேசிக்கொள்வதை மனதில் வைத்துக் கட்டியவை. முதலில் எதிராளியின் அழைப்புக்குறியை, அதாவது அவர் நிலையத்தின் அடையாளப் பெயரை, கேட்கும். வானொலி கேட்பவருக்கு முதலில் தெரிவது அலைவரிசைதான். அப்புறம் மொழி, நிலையம், நிகழ்ச்சி. அதன் பிறகு சின்போ என்கிற ஐந்து எண்கள்: ஒலியின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலை வந்த விதம், மொத்தத் தரம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. இதற்கெல்லாம் ஒரு நல்ல பக்கம் வேண்டும், அதுவும் தமிழில்.

உங்கள் மூளைக்கு நிஜமாகவே வேலை வைக்கிற மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது நேரம். உலகம் முழுக்க லாக் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அதனால் நமக்கு நள்ளிரவில் தேதி மாறினாலும் லாக்கில் விடியற்காலை 5.30-க்குத்தான் மாறும். ஜனவரி 14 பொங்கல் அன்று காலை 4.45-க்கு ஒருவரோடு பேசினால், லாக்கில் அது ஜனவரி 13, 23.15. நேரத்தைச் சரியாகக் கழித்துவிட்டுத் தேதியை மாற்ற மறந்துவிடுவார்கள். நானே எத்தனையோ முறை மறந்திருக்கிறேன். இதனால் என்ன நஷ்டம்? லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் போன்ற தளத்தில் இரண்டு பேரின் பதிவும் முப்பது நிமிடத்துக்குள் ஒத்துப்போனால்தான் தொடர்பு உறுதியாகும். தேதி தவறினால் எதிராளி எத்தனை ஒழுங்காக எழுதியிருந்தாலும் பொருந்தாது. ஆகவே திரையில் இரண்டு கடிகாரமும் இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியவேண்டும். நம் நேரத்தைத் தட்டினால் மற்றதை அதுவே போட்டுக்கொள்ளவேண்டும். இரவு 9.15 என்று எழுதிய பழைய நோட்டை ஏற்றும்போது 15.45 என்று தானாக விழவேண்டும்.

இரண்டாவது, தமிழ் எழுத்து. இங்கேதான் நன்றாக மாட்டிக்கொள்வீர்கள், மாட்டிக்கொண்டு கற்றுக்கொள்வீர்கள். லாக்குகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போக ஏடிஐஎஃப் என்ற பொது வடிவம் இருக்கிறது. அதில் அதிகம் புழங்குவது ஏடிஐ கோப்பு. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் பெயரும் நீளமும் இருக்கும். படிக்கிற மென்பொருள் அந்த நீளத்தை எண்ணித்தான் வெட்டி எடுக்கும். 'மதுரை' என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8-இல் சேமித்தால் பதினைந்து பைட். ஒரு மென்பொருள் ஐந்து என்று எழுதி, இன்னொன்று பைட்டை எண்ணினால், ஊர்ப்பெயர் பாதியில் அறுந்துபோகும். இதற்கு வழியை ஏடிஐஎஃப்பே வைத்திருக்கிறது. ஏடிஐ கோப்பில் ஆங்கில எழுத்து மட்டும். பிறமொழி எழுத்துக்குத் தனிப் புலங்கள், அவையும் எக்ஸ்எம்எல் வகையான ஏடிஎக்ஸ் கோப்பில் மட்டும். நீங்கள் தமிழைத் தமிழாகவே உங்கள் தரவுத்தளத்தில் வைத்து, வெளியே அனுப்பும்போது இரண்டு வகையிலும் எழுதித் தந்தால் போதும்.

பேர் தமிழில் இருந்தால் என்ன, ஆங்கிலத்தில் இருந்தால் என்ன என்று தோன்றலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது ஹாம் ரேடியோக்காரரான பாரதி பிரசாத்தின் குழு அந்தமானில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தது. தொலைபேசி அறுந்த நிலையில் அங்கிருந்தவர்களின் சேதியை வெளியே சொன்னது அந்த நிலையம்தான். அப்படி ஒரு நாளில் லாக்கில் ஏறுவது மனிதர்களின் பெயர். வள்ளியா வல்லியா, கண்ணனா கண்ணணா என்று ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊகிக்கிற நிலை நம் ஆட்களுக்கு வரக்கூடாது.

மூன்றாவது, இடத்தைக் குறிக்கும் கட்டம். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இடத்தைச் சொல்கிற மெய்டன்ஹெட் முறை இருக்கிறது. ஒரு கட்டம் இரண்டு பாகை தீர்க்கரேகை, ஒரு பாகை அட்சரேகை. நம் பக்கத்தில் சுமார் 220 கிலோமீட்டர் அகலம், 110 கிலோமீட்டர் உயரம். அவ்வளவு பெரிய கட்டத்தில் ஓர் ஊரின் லாக் சுலபம் என்று நினைப்போம். மதுரைக்கு அந்த வசதி இல்லை. 10 பாகை வடக்கும் 78 பாகை கிழக்கும் வெட்டிக்கொள்ளும் புள்ளி நகரத்துக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில்தான். நாலு கட்டம் அங்கே கூடுகிறது. மதுரையும் யானைமலையும் எம்ஜே99. அழகர்கோவில் போனால் எம்கே90. உசிலம்பட்டி எம்ஜே89. நிலக்கோட்டை எம்கே80. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஆண்டெனாவைக் கட்டிக்கொண்டு அழகர்மலை அடிவாரம் போகிறவர், வீட்டுக் கட்டத்தையே லாக்கில் விட்டுவிடுகிறார். போனில் ஜிபிஎஸ் இருக்கிறது, கணக்கு சின்னது. இடம் மாறினால் கட்டத்தையும் மாற்றிக்கொள்ளும்படி எழுதிவிடுங்கள். மலையடிவாரத்தில் இணையம் கிடைக்காமல் போகலாம், அதனால் எல்லாம் போனிலேயே நடக்கவேண்டும்.

மற்றதெல்லாம் சின்ன வேலை. ரேடியோவிலிருந்து அலைவரிசையை நேராக எடுத்துக்கொள்ள ஹேம்லிப் என்ற திறந்த மூல நிரல் நூலகம் இருக்கிறது. ஆனால் நகல் எடுத்துவைப்பதில் மட்டும் கவனமாக இருங்கள். 2024 மே மாதம் இணையத் தாக்குதலால் லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் முடங்கி, ஜூலை 1-ஆம் தேதிதான் திரும்பி வந்தது. சொந்தமாக ஒரு கோப்பு வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

பேராசிரியர்கள் இதைப் படித்தால், ஒரு குழுவுக்காவது அனுமதி கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சோதித்துப் பார்க்கத் தரவு வேண்டுமே என்று கவலைப்படவேண்டாம். என் 41 நோட்டுகளையும் தருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டவும் தயார். முடிந்தால் ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு வாருங்கள். ஹெட்போனை மாட்டிவிட்டு, எப்படிக் கேட்கிறோம், எப்படி எழுதுகிறோம் என்று காட்டுகிறேன். அதைப் பார்க்காமல் நிரல் எழுத உட்காரவேண்டாம்.

இன்னும் ஒன்று. செல்லூர் நண்பரின் நோட்டு ஒன்று தப்பித்தது, என்னிடம் இரவல் இருந்ததால். 1990-களில் எழுதியது, 200 பக்கம். முதலில் அதை ஏற்றுவோம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வானொலி நேயர்