பேரனின் குடியுரிமை: சென்ற வாரக் கடிதத்துக்கு ஒரு பதில்

பத்திராதிபர் அவர்கட்கு,

வணக்கம். வெளிநாட்டில் பிறந்த கனேடியருக்கு வெளிநாட்டிலேயே பிறக்கும் பிள்ளைகளையும் குடிமக்களாக ஏற்கும் கனடாவின் புதிய குடியுரிமைச் சட்டம் பற்றிச் சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். "கனடாவைக் கண்ணாலும் காணாத பிள்ளைகளுக்கு எதற்குக் குடியுரிமை?" என்று கேட்டிருந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என் பேரன்.

என் கணவர் 1987இல் அகதியாக இங்கே வந்தவர். 1992இல் குடியுரிமை எடுத்தார். அடுத்த வருடம் சென்னையில் எங்கள் கலியாணம். அவர் வேலைக்குத் திரும்பிவிட, ஸ்பொன்சர் அலுவல் முடியும்வரை நான் வளசரவாக்கத்தில் வாடகை வீட்டில் காத்திருந்தேன். 1994 நவம்பரில் மகள் அங்கேதான் பிறந்தாள். தகப்பன் கனேடியர் என்பதால் அவளும் பிறந்த அன்றே கனேடியர். அவளுடைய குடியுரிமை அட்டையை இன்னும் பிஸ்கற் தகரத்துக்குள் வைத்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டை. அதிலுள்ள படத்தில், நெற்றியில் பெரிய கறுத்தப் பொட்டோடு முழித்துப் பார்க்கிறாள்.

பதினான்கு மாதத்தில் ஸ்காபரோவுக்கு வந்தாள். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை எல்லாம் இங்கேதான். நான் 1999இல்தான் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்தேன். மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று கொடி ஆட்டிய நாலரை வயதுப் பிள்ளை, எனக்கு முன்னமே கனேடியர்.

வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2009 ஏப்ரல் 17இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாகக் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டில் பிறக்கும் தன் பிள்ளைக்கு அதைக் கொடுக்க முடியாது என்றது. ஆனால் என்னைப்போல இங்கே வந்து சத்தியப்பிரமாணம் எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. என் கணவர் குடியுரிமை எடுக்க மூன்று வருடம் பிந்தியிருந்தால், மகளும் குடிவரவாளராக வந்து, பிறகு என்னைப்போல இங்கே குடியுரிமை எடுத்திருப்பாள். அப்போது அவளுடைய பிள்ளை உலகத்தில் எங்கே பிறந்தாலும் கனேடியர். கணவர் முந்திக்கொண்டதால் அவளுக்கு அந்த உரிமை இல்லாமல் போனது. 1998இல் ஸ்காபரோவில் பிறந்த என் மகனுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே சோறு தின்று வளர்ந்த பிள்ளைகள்.

மருமகனுக்குக் கட்டாரில் வேலை. பேரன் 2022 ஓகஸ்டில் டோகாவில் பிறந்தான். தகப்பன் வழியாக இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் எடுக்க முடிந்தது. அடுத்த பெப்ரவரியில் எனக்கு இருதய சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். மகள் பிள்ளையோடு வந்து நிற்க விரும்பினாள். அவள் வருவதை யாரும் தடுக்க முடியாது. பிள்ளைக்கோ வருகையாளர் விசா தேவை. வெள்ளைப் படுக்கை விரிப்பில் கிடத்திப் படம் எடுத்து, விண்ணப்பித்தார்கள். ஜனவரியில் மறுப்புக் கடிதம் வந்தது. பிள்ளையின் பெயருக்கே எழுதியிருந்தார்கள்: தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் கனடாவை விட்டு வெளியேறுவீர்கள் என்று நம்ப முடியவில்லை, கனடாவில் உங்களுக்குக் குடும்ப உறவுகள் இருக்கின்றன என்று. ஐந்து மாதக் குழந்தை. அந்தக் குடும்ப உறவு, பெற்ற தாய்.

மகள் தனியே எட்டு நாள் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த இரவு, தண்ணி குடிக்க எழும்பினால் குசினியில் வெளிச்சம். அவள் பாலைப் பிழிந்து சிங்க்கில் ஊற்றிக்கொண்டு நின்றாள். மார்பு கட்டி, காய்ச்சலும் காய்ந்தது. "என்ன பிள்ளை?" என்றேன். "ஒண்டுமில்லை அம்மா, போய்ப் படுங்கோ" என்றாள்.

2009இல் அந்தத் தடை ஏன் வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. 2006 லெபனான் யுத்தத்தில் 14,000க்கும் மேற்பட்டோரை அரசாங்கம் கப்பலிலும் விமானத்திலும் மீட்டு வந்தபோது, அதில் எத்தனை பேர் உண்மையில் இங்கே வாழ்கிறவர்கள் என்று கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதே. ஆனால் இங்கே வாழ்ந்தவர் யார் என்று பார்க்காமல், எங்கே பிறந்தவர் என்று பார்த்துக் கோடு போட்டார்கள். 2023 டிசம்பர் 19இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் அந்தக் கோடு உரிமைகள் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்யவில்லை. அந்தத் தடையை மாற்றிய புதிய சட்டம், சட்டமூலம் சி-3, 2025 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது.

சாசனத்தின் 6ஆவது பிரிவு, கனேடியக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் நாட்டுக்குள் வரவும், தங்கவும், வெளியேறவும் உரிமை தருகிறது. 33ஆவது பிரிவைப் பாவித்து மாகாணங்கள் சில உரிமைகளை ஒதுக்கிவைப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். இந்த 6ஆவது பிரிவை அப்படி ஒதுக்க முடியாது. அவ்வளவு பலமான உரிமை. ஆனாலும் அதைக் கையில் பிடித்துக் காட்டக் காகிதம் வேண்டும். 2009இல் ரொறன்ரோவில் வாழ்ந்த ஒரு சோமாலியத் தாயை, கடவுச்சீட்டுப் படத்தின் முகம் உன்னுடையதல்ல என்று நைரோபியில் மறித்தார்கள். கனேடிய அதிகாரிகளே அவரை நம்பவில்லை. இங்கிருந்த மகனோடு ஒப்பிட்டு மரபணுப் பரிசோதனை செய்த பிறகுதான், ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து வீடு வந்தார். அவர் அந்த மூன்று மாதமும் குடிமகள்தான். எங்கள் பேரனும் இன்றைக்குச் சட்டப்படி குடிமகன்தான். சான்றிதழ் வரும்வரை கடவுச்சீட்டு எடுக்க முடியாது, விமானம் ஏற முடியாது.

வாசகரின் கவலைக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2025 டிசம்பர் 15 முதல் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு, வெளிநாட்டில் பிறந்த அந்தக் கனேடியப் பெற்றோர் பிள்ளை பிறப்பதற்கு முன் மொத்தமாக 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பழைய பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகளையும் வரிக் கடிதங்களையும் எறிந்துவிடாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள் பத்திரிகையில் ஒரு விஷயத்தைப் பெட்டி கட்டிப் போடுவீர்களானால் பெரிய உதவி. 2025 டிசம்பர் 15க்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த 1,095 நாள் கணக்கு இல்லை. அவர்கள் ஏற்கெனவே குடிமக்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் 75 டொலர். இதற்கு 1,500 டொலர் கேட்கும் ஓர் ஆளைப் பற்றிக் கோயிலில் இரண்டு தாய்மார் சொன்னார்கள். பணத்தைக் கொடுத்தும்விட்டார்கள்.

ஒட்டாவாவிடம் நான் கேட்பது, சிறுபிள்ளைகளின் கோப்புகளை முன்னுக்கு எடுங்கள் என்பதுதான். பேரனின் விண்ணப்பத்தோடு மகளின் அட்டைப் பிரதியும், அரபியில் இருந்த பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பும் போய்விட்டன. ஓகஸ்டில் அவனுக்கு நான்கு வயது. செப்டெம்பரில் தாய் படித்த அதே பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்கு இடம் கேட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஸ்காபரோ