பாலாற்றங்கரையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மடல்

மாண்புமிகு உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு,

வணக்கம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதில் பருப்பு வேகாது. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க உள்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டே வரும். விரலால் சுரண்டினால் உதிரும். தாத்தா இந்தக் கிணற்றை நம்பித்தான் நெல்லும் கரும்பும் வைத்தார். இப்போது மிஞ்சியிருப்பது ஓலை நுனி கருகிய சில தென்னைகள்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, தோல் பதனிடும் ஆலைகள் (டேனரிகள்) பாலாற்றில் விடும் கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உங்கள் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான் சட்டம் படித்தவள் இல்லை, ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் பலமுறை படித்திருக்கிறேன். கெடுதல் முழுசாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளையும் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பு கையில் எடுத்தது. 1972 ஸ்டாக்ஹோம், 1992 ரியோ சுற்றுச்சூழல் மாநாடுகளின் வழியே அவை உலக நாடுகள் பொதுவாக ஏற்று நடக்கும் வழக்காற்றுச் சட்டமாகிவிட்டன, நம் சட்டத்துக்கும் முரணாக இல்லை, ஆகவே இந்நாட்டுச் சட்டத்திலும் அவை அடக்கம் என்றீர்கள். தன் செயலால் கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையதே என்றீர்கள். அந்த வரியைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் என்ன நடந்தது? தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. நான் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. நிலம் போனதற்கு அது ஈடா?

2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் இதே பாலாற்றுக்காக நீங்கள் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையட்டும் என்றும் சொன்னீர்கள். மனதார நன்றி. டேனரிகளை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் சித்தியும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள்.

நான் கேட்பது, தீர்ப்பு நிறைவேறியதா என்பதைக் கோப்பை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்பதுதான். சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது என்ற அறிக்கையோடு, சுற்றியுள்ள கிணறுகளில் உப்பும், தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியமும் எவ்வளவு என்ற அறிக்கையும் உங்கள் முன் வர வேண்டும். அது தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். பட்டா கையில் இல்லாத குத்தகைக்காரரும், வயல் வேலை போன கூலிக்காரரும் இழப்பீட்டுக் கணக்கில் சேர வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பை நீங்கள் ஆலையின் மேல் வைத்தீர்கள். இழப்பீடு கேட்டுப் போகும்போதும் அதை எங்கள் தலையில் திருப்பி வைக்க விடாதீர்கள்.

ஆலைக் கழிவுநீரைச் சோதிக்கக் குழுவினர் முன்கூட்டிச் சொல்லாமல் வரட்டும். எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால் மட்டும் முதல் நாளே தண்டோரா போடச் சொல்லுங்கள். வாளியோடும் கயிற்றோடும் கிணற்றடியில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை விவசாயி ஒருவரின் பேத்தி